அவர்கள் அனுப்பும் சாப்பாட்டை என்னால் வாங்க முடியவில்லை. இது பெருமையா?

கேட்பவர்: தையல்காரி, ரங்கூன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியது குறைவு. இன்றைக்கு மனசு பாரமாக இருக்கிறது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தாம்வே பக்கம் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். ஜூலை மழையில் படியில் வழுக்கி விழுந்து இடது கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். என் தொழில் தையல். மின்சாரம் வருவதும் போவதுமாக இருப்பதால் கால் மிஷின்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அந்தக் கால் இப்போது தலையணை மேல் கிடக்கிறது. வீட்டுக்காரர் மலேசியாவில் வேலை செய்கிறார். இங்கே நானும் பதினைந்து வயது மகளும்தான்.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், கிறிஸ்துமஸ் ஆராதனையில் பிள்ளைகள் எந்த மொழியில் பாடுவது என்று பேச்சு வந்தது. தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றேன். பிள்ளைகள் பர்மியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், தமிழ் எழுத்து வாரத்தில் ஒரு நாள்தான் அவர்கள் கண்ணில் படுகிறது. சபையிலும் அதை விட்டுவிட்டால் அப்புறம் எங்கே போய்ப் பிடிப்பது என்று கேட்டேன். அதற்கு அந்த அக்கா எல்லார் முன்னாலும், "உன் மகளுக்கே தமிழ் பைபிள் வாசிக்க வராது. நீ எங்களுக்குத் தமிழ் சொல்லித்தர வந்துவிட்டாயா?" என்று கேட்டுவிட்டார்கள். என் மகள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்தக் குனிந்த தலைதான் இன்றுவரைக்கும் கண்ணில் நிற்கிறது.

நான் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. ஐக்கியத்தின் செயலாளர் பொறுப்பை மட்டும் அந்த மாதமே விட்டுவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் சொன்னேன், நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அதற்குப் பின் அந்த அக்காளைக் கண்டால் முதலில் ஸ்தோத்திரம் சொல்வது நான்தான். ஐக்கிய விருந்தில் அவர்களுக்கு முதல் டீ கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். போன வருடம் அவர்கள் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது ஜாக்கெட், பாவாடை, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கிற எஞ்சி (பர்மியச் சட்டை) எல்லாம் நானே தைத்தேன், கூலி வாங்கவில்லை. சபையில் எல்லாரும் "என்ன தாழ்மை!" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ரங்கூன் வீடுகள் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது, படி ஏணி மாதிரி செங்குத்து. அதனால் ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். கீழே கிளிப், மேலே மணி. கீழே வருகிறவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், ரொட்டி, கடைச் சாமான் எல்லாம் அதில்தான் ஏறும்.

நான் விழுந்த மூன்றாம் நாளிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு அந்த மணி அடிக்கிறது. மகள் எட்டிப்பார்த்தால் அந்த அக்கா தெருவில் குடையோடு நிற்கிறார்கள். கயிற்றில் தூக்குச்சட்டியைக் கட்டிவிட்டு மேலே கூட நிமிர்ந்து பார்க்காமல் போய்விடுகிறார்கள். ஒரு நாள் ரசமும் நெத்திலிக் கருவாடும், ஒரு நாள் புளிச்சக்கீரை, ஞாயிற்றுக்கிழமை எலும்பு கூடட்டும் என்று ஆட்டுக்கால் சூப். சட்டியைத் துணியில் சுற்றிக் கட்டி அனுப்புகிறார்கள், சூடு ஆறாமல் வருகிறது.

நான் அதில் ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை. பதினொரு நாளாக மகளிடம் சொல்லி எதிர் வீட்டுப் பர்மியப் பாட்டிக்குக் கொடுத்துவிடுகிறேன். சட்டியைக் கழுவி, உள்ளே ஒரு எலுமிச்சம்பழமோ வாழைப்பழமோ வைத்துக் கீழே இறக்கிவிடுகிறேன், கடன் வைக்கக் கூடாது என்று. நேற்று மகள் கேட்டாள்: "அம்மா, நீங்கள் அவர்களை மன்னித்துவிட்டீர்கள் என்றுதானே சொன்னீர்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. வசனம் மட்டும் வந்தது: "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்." அதைச் சொல்லும்போதே எனக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது.

என் கேள்வி இதுதான். அந்த அக்காளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் என்னால் செய்ய முடிகிறது. அவர்கள் கையிலிருந்து ஒரு கரண்டி ரசம் வாங்க முடியவில்லை. அப்படியானால் இந்த இரண்டு வருடமும் என்னிடம் இருந்தது என்ன? தாழ்மைதானா?

---

மோல்மீன் பெரியவர்

மகளே, முதலில் காலைப் பார்த்துக்கொள். கட்டு பிரித்த உடனே மிஷினை மிதிக்காதே. என் மனைவி அந்தத் தப்பைச் செய்து ஒரு வருடம் கஷ்டப்பட்டாள்.

நீ கேட்டதற்கு யோவான் 13-ஐ எடுத்து வைத்துக்கொள். அந்த அதிகாரத்தில் நாம் எப்போதும் இயேசுவையே பார்க்கிறோம். ஒரு சீலையை (துண்டை) எடுத்து அரையில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீஷர்களுடைய கால்களைக் கழுவினார். சரி. ஆனால் அங்கே ஒருவன் மறுத்தான் அல்லவா? "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றான் பேதுரு. கேட்கிறவர்களுக்கு அது எவ்வளவு பணிவான பேச்சாகத் தெரியும்! ஆண்டவரே, நீர் எங்கே, நான் எங்கே என்கிற பேச்சு. அதற்கு இயேசு அவனைப் பாராட்டவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்றார். சுவிசேஷத்தில் இவ்வளவு கடுமையான வார்த்தை பேதுருவுக்குக் கிடைத்த இடங்கள் ஒன்றிரண்டுதான்.

யோசித்துப் பார். கழுவு என்றால் பேதுரு பன்னிரண்டு பேர் காலையும் கழுவியிருப்பான். காட்டு என்றபோதுதான் அவனுக்கு முடியவில்லை. காலைக் காட்டினால் அதில் இருக்கிற அழுக்கும் தெரியும். அதே இரவில், அதே பந்தியில்தான் "ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்" என்கிற புதிய கட்டளை வருகிறது. "ஒருவரிலொருவர்" என்றால் இரண்டு பக்கமும் போக்குவரத்து வேண்டும். நான் மட்டும் கொடுப்பேன், நீ மட்டும் வாங்கு என்றால் அது ஒருவரிலொருவர் ஆகாது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1964-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு இங்கே மோல்மீனில் ஜவுளிக்கடை. அந்த வருடம் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்பா தகர டப்பாவில் வைத்திருந்தது முழுக்க அந்த நோட்டுதான். சொந்தக்காரர்களெல்லாம் மதராஸ் கப்பலுக்கு மூட்டை கட்டினார்கள். எங்களிடம் அரிசி கூட இல்லை.

பக்கத்து வீட்டில் மோன் இனத்து அம்மா ஒருவர் இருந்தார்கள். சாயங்காலம் ஒரு பானையில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். அப்பா தொடவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எப்போதும் முதல் ஆளாகக் கை தூக்குகிறவர், ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் துணி கொடுக்கிறவர். "நம் குடும்பம் யாரிடமும் கை நீட்டினதில்லை" என்று சொல்லிப் பானையைத் திருப்பி அனுப்பினார். மூன்று நாள் அப்படியே. நாங்கள் ஐந்து பிள்ளைகள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தோம். நாலாம் நாள் அந்த அம்மா பானையை வைத்துவிட்டுப் போகவில்லை. எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, மூடியைத் திறந்து, "நானும் இன்னும் சாப்பிடவில்லை" என்று பர்மியத்தில் சொன்னார்கள். அப்பா வெகுநேரம் நின்றார். அப்புறம் போய் அந்தப் படியிலேயே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். நாங்கள் கப்பல் ஏறவில்லை. இந்த ஊரிலேயே இருந்துவிட்டோம்.

பதினொரு நாளாக உன் வீட்டு மணி அடிக்கிறது, மகளே.

---

மலேசியாவில் ரங்கூன் தம்பி

அக்கா, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், பெரியவர் மன்னிக்க வேண்டும்.

நான் தாழ்மை என்ற பெயரில் நிறைய வாய்மூடலைப் பார்த்திருக்கிறேன். நான் முன்பு போன ஒரு சபையில் பெரியவர் ஒருவர் வாலிபர்களை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவார். யாராவது வாய் திறந்தால் "தாழ்மை இல்லை" என்று உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே தாழ்மை எப்போதும் கீழே இருக்கிறவனுக்குச் சொல்லப்பட்ட வசனம். மேலே இருக்கிறவருக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

உங்கள் மகள் தலை குனிந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் கடந்து போக முடியாது. அந்த வார்த்தை தப்பு. தப்பு என்று அந்த அக்காளிடம் சொல்லப்பட வேண்டும். "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று மத்தேயு 18-ல் இயேசுவே சொல்கிறார். பவுல் அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2-ல் இருக்கிறது. பவுலுக்குத் தாழ்மை இல்லை என்று சொல்வோமா?

தூக்குச்சட்டி அனுப்பிவிட்டால் மன்னிப்புக் கேட்டதாக ஆகிவிடுமா? நீங்கள் அதைச் சாப்பிட்டுவிட்டால் நடந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாதா? உங்கள் மகள் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வாள்? கோபமாக எழுதவில்லை அக்கா. என் அம்மாவும் உங்கள் மாதிரி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு டீ ஊற்றிக் கொடுக்கிறவர்கள்தான். அதனால் கேட்கிறேன்.

---

தையல்காரி, ரங்கூன்

தம்பி, நீ கேட்டதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "இந்த அண்ணன் என் பக்கம்" என்றாள். இரண்டு வருடத்தில் இதைப்பற்றி அவள் பேசியது இதுதான் முதல் தடவை. அதற்கு உனக்கு நன்றி.

நீ சொன்னதில் ஒன்று என்னைக் குத்தியது. நான் போய்ச் சொல்லவில்லை. மத்தேயு 18-ன்படி நான் செய்யவே இல்லை. மன்னித்துவிட்டேன் என்று ஆண்டவரிடம் சொன்னேன், அந்த அக்காளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ கொடுத்தேன், துணி தைத்தேன். ஒவ்வொரு பொத்தான் தைக்கும்போதும் "பாருங்கள், நான் எப்படிப்பட்டவள், நீங்கள் எப்படிப்பட்டவர்கள்" என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த ஜாக்கெட்டில் கூலி வாங்காமல் இருந்தது ஏன் என்று இப்போது புரிகிறது. கூலி வாங்கியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். எனக்குக் கணக்குத் தீர வேண்டாம் என்று இருந்திருக்கிறது.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

---

பெகு போதகர் மனைவி

அன்பான சகோதரி, உங்கள் கடைசிப் பதிவை வாசித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

தம்பி கேட்ட கேள்வி நியாயம். பெரியவர் சொன்னதும் நியாயம். இரண்டும் ஒரே நிருபத்தில் சேர்ந்து இருக்கிறது, பிலிப்பியரில். தாழ்மைக்கு நாம் எல்லாரும் அதன் இரண்டாம் அதிகாரத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறோம்: "ஒன்றையும் வாதினாலாவது வீண்பெருமையினாலாவது செய்யாமல், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்." வாக்கிய அட்டையில் அச்சடித்துச் சுவரில் மாட்டிவிடுகிறோம். பவுல் இதை எந்தச் சபைக்கு எழுதினார் என்று பார்ப்பதில்லை. நாலாம் அதிகாரத்துக்கு வாருங்கள்: "கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருக்க எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்." இரண்டு பெண்கள்! சுவிசேஷத்துக்காகப் பவுலோடு சேர்ந்து பாடுபட்டவர்கள், பெயர் ஜீவபுஸ்தகத்தில் இருக்கிறவர்கள். அவர்களுக்குள்ளேதான் மனஸ்தாபம். இரண்டாம் அதிகாரத்தில் "ஏக சிந்தை" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னதை நாலாம் அதிகாரத்தில் பெயர் சொல்லி அந்த இரண்டு பேர் மடியில் வைக்கிறார். யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று எழுதவில்லை. சண்டை எதைப்பற்றி என்றும் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரே புத்தி.

அந்த நிருபம் சபையில் உரக்க வாசிக்கப்பட்டிருக்கும். கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபம் எடுத்தார் என்ற பகுதியைக் கேட்டு அந்த இரண்டு பேரும் மற்றவர்களைப் போலவே மனம் உருகியிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் பெயரே வந்துவிட்டது. நான் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

தம்பி, பவுல் அடுத்த வசனத்திலேயே மூன்றாவது ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, அவர்களுக்கு உதவியாயிரு என்கிறார். ஆகையால் விழுங்கிக்கொண்டு போங்கள் என்பது பவுலின் வழி இல்லை, நீ சொன்னது சரி. பேச வேண்டும். ஆனால் பேசுவதற்கு முன் ஒரே வாசலில் இரண்டு பேரும் நிற்க வேண்டும்.

இன்னொன்று. பிலிப்பியர் நிருபமே ஒரு விதத்தில், வாங்கிக்கொண்டேன் என்று சொல்கிற கடிதம். பவுல் காவலில் இருக்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்ற சகோதரன் கையில் அவருக்குத் தேவையானதை அனுப்புகிறார்கள். அவன் அந்த ஊழியத்தில் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாய்ப் போனான். அதே பவுல் கொரிந்து சபையிடம் ஒன்றும் வாங்கவில்லை, தன் கையால் வேலை செய்தார். எல்லாரிடமும் எப்போதும் வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன். ஆனால் பிலிப்பியாரிடம் வாங்கினார். "உங்களால் அனுப்பப்பட்டவைகளை" வாங்கிக்கொண்டு திருப்தியடைந்தேன் என்று எழுதி அனுப்பினார். எங்கும் பசியாய் இருக்கவும் பரிபூரணமாய் இருக்கவும் கற்றுக்கொண்டேன் என்று சொன்ன மனுஷன், ஆகிலும் நீங்கள் அனுப்பியது நலம் என்கிறார். தேவையில்லை என்று தட்டிவிடவில்லை.

உங்கள் தொழிலுக்குப் பொருத்தமான ஒரு வார்த்தையும் இருக்கிறது. பேதுரு கிழவரான பிறகு எழுதுகிறார்: "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்." அந்த "அணிந்துகொள்ளுங்கள்" கிரேக்கத்தில் முடிச்சுப்போட்டுக் கட்டிக்கொள்வதைச் சொல்கிற சொல், வேலைக்காரன் இடுப்பில் துண்டு கட்டுவது மாதிரி. அன்றைக்குச் சீலை கட்டிய கையைப் பேதுரு மறக்கவில்லை என்று என் கணவர் பிரசங்கிப்பார். தன் காலைக் கொடுத்த பிறகுதான் அவனுக்கு அந்த வசனம் எழுத வந்தது என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

கொலோசெயரில் "கள்ளத்தாழ்மை" என்று ஒரு சொல் இருக்கிறது. அது அங்கே வேறு சந்தர்ப்பத்தில் வருகிறது. உங்கள் மேல் அதை நான் வைக்க மாட்டேன். நீங்களே பொத்தானைப் பற்றி எழுதிவிட்டீர்கள். அது போதும்.

---

மோல்மீன் பெரியவர்

தம்பி, நீ கேட்டாய்: சட்டி அனுப்பினால் மன்னிப்புக் கேட்டதாகுமா என்று. ஆகாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் சிலருக்கு வாயில் வராதது கையில் வரும்.

எங்கள் ஊர், அமெரிக்க மிஷனெரி ஜட்சன் ஐயர் பல வருடம் ஊழியம் செய்த ஊர். அவரும் நம் தாத்தாக்களைப் போல மதராஸில் கப்பலேறி 1813-ல் ரங்கூன் வந்து இறங்கியவர்தான். 1824-ல் ஆங்கிலேயரோடு யுத்தம் வந்தபோது பர்மிய ராஜா அவரைப் பிடித்து, அப்போதைய தலைநகரமான ஆவாவில் சிறையில் போட்டார். புதிய ஏற்பாட்டின் பர்மிய மொழிபெயர்ப்பு அப்போது கையெழுத்துப் பிரதிதான், வேறு நகல் இல்லை. அவர் மனைவி ஆன் அம்மையார் முதலில் அதை வீட்டடியில் புதைத்தார்கள். மழையில் மக்கிவிடும் என்று எடுத்து, ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் அனுப்பினார்கள். காவலாளிக்கு ஆசை வராதபடி கரடுமுரடான தலையணை. கைதிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனபோது ஒரு காவலாளி மேல் பாயை உரித்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிந்துவிட்டான். மௌங் இங் என்ற விசுவாசி அதைப் பார்த்து, நம் ஐயர் தலை வைத்துப் படுத்ததாயிற்றே என்று எடுத்துப்போய் வீட்டில் வைத்துக்கொண்டார். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. பல மாதம் கழித்துத்தான் பிரதி அப்படியே இருந்தது தெரியவந்தது.

மகளே, அந்தச் சட்டிக்குள் ரசம் மட்டும்தான் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நீதான் அதை இன்னும் திறக்கவே இல்லையே.

---

தையல்காரி, ரங்கூன்

பல நாள் கழித்து எழுதுகிறேன். காத்திருந்தவர்கள் மன்னிக்க வேண்டும், நடுவில் மூன்று நாள் நெட் இல்லை.

பெரியவர் எழுதியதை வாசித்த மறுநாள் மணி அடித்தது. சட்டி மேலே வந்தது. எதிர் வீட்டுப் பாட்டி வழக்கப்படி கதவைத் திறந்து பார்த்தார்கள். மகளிடம் தட்டு எடுத்துவரச் சொல்லி, மூன்று தட்டு வைத்து, பாட்டியையும் உள்ளே கூப்பிட்டு உட்கார்ந்தேன். பருப்பும் சுண்டைக்காய் வற்றலும். முதல் வாய் இறங்கவில்லை. இரண்டாவது வாய் இறங்கியது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டியைத் திருப்பி இறக்கும்போது பழம் வைக்கவில்லை. வைக்காமல் விடுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. காலியான சட்டியைக் கயிற்றில் விடும்போது உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த நாள் மணி அடித்தபோது மகளைப் பால்கனியிலிருந்து கூப்பிடச் சொன்னேன். "அம்மா மேலே வரச் சொல்கிறார்கள்" என்று அவள் கத்தினாள், தமிழில். அந்த அக்காளுக்கு இரண்டு முழங்காலும் வலி, சபையில் தரையில் உட்கார மாட்டார்கள், நாற்காலிதான். மூன்று மாடியும் ஏறிவந்தார்கள். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்குகிற சத்தம் எங்களுக்கு உள்ளே கேட்டது. தூக்குச்சட்டியைக் கயிற்றில் கட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

உள்ளே வந்து ஒன்றும் பேசவில்லை. என் காலைப் பார்த்தார்கள். மாவுக்கட்டுக்கு வெளியே விரல்கள் மட்டும் தெரியும். குனிய முடியாததால் நகம் வளர்ந்து, இடுக்கில் அழுக்குச் சேர்ந்திருந்தது. "நகவெட்டி எங்கே?" என்று மகளிடம் கேட்டார்கள். நான் காலை இழுத்தேன், வேண்டாம் அக்கா, மகள் வெட்டிவிடுவாள் என்றேன். "சும்மா இரு" என்று சொல்லி, தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வலிக்கிற முழங்காலோடு. வெட்டி முடிக்கும் வரைக்கும் அந்த அறையில் நகவெட்டிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

அப்புறம் நான் சொன்னேன், தம்பிக்காகத்தான் இதை எழுதுகிறேன். "அக்கா, அன்றைக்கு நீங்கள் என் மகளைப் பற்றிச் சொன்னது எனக்கு இரண்டு வருடமாக வலிக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தேன். அது என் தப்பு." கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, காலைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர்கள் உடனே பதில் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, "எனக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. என் அம்மாதான் பாட்டுப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னைச் சொன்ன அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை" என்றார்கள். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை வரவில்லை. மகள் தலையைக் குனியவில்லை, அவர்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்குப் போதுமா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

பெகு அம்மா, கிறிஸ்துமஸ் பாட்டு எந்த மொழியில் என்பதில் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் வேறு வேறு பக்கம்தான். அக்டோபரில் ஐக்கியக் கூட்டம் வருகிறது. அதற்கு முன்னால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

புதன்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடம். யாரோடு போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நானே அக்காளுக்கு போன் செய்து, கூட வருகிறீர்களா என்று கேட்டேன். காலை ஏழு மணிக்கு டாக்சியோடு கீழே நிற்பதாகச் சொன்னார்கள். மணி அடிப்பார்களாம்.